குதிக்கிற இடம்

அத்தியாயம் பதினான்கு

அப்பா தள்ளி வைத்த தட்டு காலையிலும் மேசை மேல் அப்படியே இருந்தது. அம்மா அதைக் கழுவவில்லை, மூடியும் வைக்கவில்லை. கோபம் வந்தால் அம்மா அப்படித்தான். பார்க்க வேண்டியவர் கண்ணில் படட்டும் என்று விட்டுவிடுவாள்.

பார்க்க வேண்டியவர் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

முந்தின நாள் அப்பாவுக்கும் மகளுக்கும் நடந்த சண்டை பெரிதாக ஒன்றுமில்லை. பேசியதே நாலு வார்த்தை.

“நாளைக்கு அந்தக் குதிப்பு வேண்டாம்பா.”

“குதிப்பு இல்லாட்டி அது நம்ம கட்டா இல்ல.”

“குதிச்சா நம்ம சங்கமே இருக்காது.”

தட்டு நகர்ந்தது. நாற்காலி பின்னால் போனது. அவ்வளவுதான்.

கட்டா என்பது எதிரில் ஆள் இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு செய்யும் அசைவுகளின் வரிசை. தடுப்பு, குத்து, திரும்பல், உதை. எந்தக் கராத்தே சங்கத்துக்குப் போனாலும் இந்தக் கட்டாவை ஒரே மாதிரிதான் செய்வார்கள். அப்பா நடத்தும் இந்தச் சங்கத்தில் மட்டும் நடுவில், இடது கைத் தடுப்புக்கும் வலது கைக் குத்துக்கும் இடையில், எல்லோரும் ஒரு குதி குதிப்பார்கள். எதிராளி காலை நோக்கி வீசும் கோலைத் தாண்டுவது என்று அப்பா விளக்கம் சொல்வார். சட்டையின் நெஞ்சில் அம்மா தைத்துத் தரும் முத்திரையிலும் குதிக்கிற ஆள்தான்.

போன போட்டியில் நடுவர்கள் அந்த இடம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். சங்கத்திலிருந்து போன அத்தனை பேரும் முதல் சுற்றிலேயே வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகுதான் கராத்தே கூட்டமைப்பிலிருந்து ஃபோன் வந்தது. தேர்வாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். சரி என்றால் அங்கீகாரம். இல்லையென்றால் இல்லை.

அங்கீகாரம் இல்லாத சங்கத்துக்கு ஹால் இல்லை என்று பஞ்சாலை நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆலையின் பழைய உணவுக்கூடம் அது. சங்கம் வளர்ந்தது அங்கேதான். தேர்வாளர் இன்று சாயங்காலம் வருகிறார். அவர் இல்லை என்றால் ஹால் சாவியை நாளைக் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மகள் தேநீரை நின்றுகொண்டே குடித்தாள். அவளை எல்லோரும் சின்ன மாஸ்டர் என்பார்கள். கல்யாணம் இரண்டே வருஷத்தில் கசந்து வீடு திரும்பியவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அப்பாவுக்கு முழங்கால் போனதும் அதையும் விட்டுவிட்டு சங்கத்தைக் கையில் எடுத்தாள். அந்த ஹாலைத் தவிர அவள் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

அம்மா தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசியில் நூல் கோத்திருந்தது. தைக்கவில்லை.

“ஹால் போயிட்டா இந்த மனுஷன் எங்கடி போவாரு” என்றாள்.

“எங்க போவாரு. வீட்டுல இருப்பாரு.”

“வீட்டுல இருக்கத் தெரியுமா அவருக்கு. சோபாவுல உட்காந்தாக்கூட யாரோ அடிக்க வர மாதிரியே உட்காருவாரு.”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது.

“உன் சித்தப்பாவைப் போய்ப் பாரு” என்றாள் அம்மா.

மகள் தம்ளரைக் கீழே வைத்தாள். இந்த வீட்டில் சித்தப்பா என்ற வார்த்தை புழக்கத்தில் இல்லை. எதிர்பாராமல் யார் வாயிலாவது வந்துவிட்டால் பேச்சை மாற்றுவார்கள். அதுவும் முடியாவிட்டால் எழுந்து போவார்கள்.

“எதுக்கு?”

“அந்தக் குதிப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு கேளு.”

“உனக்குத் தெரியுமா?”

“எனக்கு என்ன தெரியும். நான் சட்டை தைக்கிறவ.” அம்மா இயந்திரத்தின் மிதியில் காலை வைத்தாள். “நான் சொன்னேன்னு சொல்லாத.”

*

வெல்டிங் பட்டறையில் ஒரு கேட் கிடைமட்டமாகக் கிடந்தது. சித்தப்பா அதன் மேல் குனிந்திருந்தார். பொறி பறந்தது. அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் முகமூடியைத் தூக்கினார். மீசை முழுக்க நரைத்திருந்தது. அது தவிர அப்பாவின் முகம்தான்.

“யாருடி இது. வழி தெரிஞ்சுதா?”

“தெரியாம என்ன சித்தப்பா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதானே.”

“ஓ. அப்ப இத்தனை வருஷமும் தெரிஞ்சேதான் வரலையா.”

 பதிலுக்குக் காத்திராமல் காலால் ஒரு ஸ்டூலை நகர்த்தினார்.

“அதுல உட்காராத, சூடா இருக்கும். இதுல உட்காரு. என்ன, அண்ணன் நல்லா இருக்காரா?”

“இருக்காரு.”

“முழங்கால்?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெருவுல நடக்கறாரே. கண்ணு இருக்கே எனக்கு.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போட்டி, கூட்டமைப்பு, ஹால், சாவி. சுற்றி வளைக்கத் தெம்பில்லை. கடைசியில் கேட்டாள்.

“அந்தக் குதிப்பு எதுக்கு சித்தப்பா?”

 சித்தப்பா சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. பல நாள் அடக்கி வைத்த தும்மல் வந்த மாதிரி ஒரு சிரிப்பு.

“சாக்கடைடி” என்றார்.

“என்னது?”

அவர் சாக்குக்கட்டியை எடுத்தார். இரும்பில் அளவு குறிக்கும் கட்டி. பட்டறைத் தரையில் ஒரு சதுரம் போட்டார்.

“ஐஸ் பேக்டரிப் பின்னறை. இது கதவு. இது சுவரு. இங்க,” குறுக்கே ஒரு கோடு இழுத்தார், “வாய்க்கால். ஐஸ் உருகற தண்ணி இது வழியாத்தான் வெளிய போகும். மேல இரும்புத் தட்டு போட்டிருந்தாங்க. எவனோ களவாடிட்டுப் போயிட்டான்.”

சங்கத்தின் கதையை அவள் எத்தனையோ முறை மேடையில் சொல்லியிருக்கிறாள். ஐஸ் பேக்டரியில் குளிர் இயந்திரம் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். ஏணி மாதிரி உயரம். ஐஸ் பாளம் தள்ளிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவருக்கும் வேலை முடிந்த பிறகு பின்னறையில் கராத்தே சொல்லிக் கொடுத்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் திரும்பிப் போனார். அண்ணன் மாஸ்டர் ஆனார். அந்தக் கதையில் வாய்க்கால் எங்கேயும் கிடையாது.

“இன்ஜினியர் குதிச்சாரா?”

“அவரு எதுக்குக் குதிக்கணும். காலை எட்டி வச்சா அந்தப் பக்கம். போய்க்கிட்டே இருப்பாரு. நாங்க ரெண்டு பேரும் குள்ளம். எங்களுக்கு எட்டல. குதிச்சோம்.”

அவள் கோட்டைப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு இது தெரியுமா?”

“கேக்கறியே. ஒரு நாள் குதிக்க மறந்து உள்ள கால் போயி கணுக்கால் வீங்கினது யாருக்குங்கற? உன் பாட்டனுக்கா?”

“அப்ப நீங்க ஏன் சொல்லல?”

“சொன்னேனே.” சித்தப்பா சாக்குக்கட்டியை மேசையில் போட்டார். “ஆலை ஹாலுக்கு மாறின முதல் நாள். தரை சும்மா கண்ணாடி மாதிரி. எல்லாரும் வரிசையா நின்னாங்க. அந்த இடம் வந்துச்சு. அத்தனை பேரும் ஒண்ணா குதிச்சாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. ‘அண்ணே, அதான் வாய்க்கால் இல்லையே, இன்னும் எதுக்குக் குதிக்கறோம்’னேன்.”

“எல்லார் முன்னாடியுமா?”

“எல்லார் முன்னாடியும்தான். வெளிய போன்னாரு. வந்துட்டேன்.”

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. 

“நீங்க இப்பவும் கட்டா செய்யறீங்களா?”

“கடை திறக்கறதுக்கு முன்னாடி. இந்த இடத்துலதான். குதிக்க மாட்டேன்.”

“இன்னிக்கு வாங்க சித்தப்பா. முன் வரிசையில நின்னு ஒரு தடவை செஞ்சு காட்டினா போதும்.”

“வரேன்.”

அவள் எழுந்தே விட்டாள்.

“உன் அப்பா கூப்பிடட்டும், வரேன்” என்றார் சித்தப்பா.

“அவரு கூப்பிட மாட்டாருன்னு உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

முகமூடி இறங்கியது. பொறி பறந்தது. அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

*

மாடி அறைக் கதவு இப்போது திறந்திருந்தது. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலில் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஒழுங்காக விழுந்தது.

அவள் வாசலிலேயே நின்றாள்.

“ஐஸ் பேக்டரியில வாய்க்கால் இருந்துச்சாப்பா?”

அப்பாவின் கை நிற்கவில்லை.

“இருந்துச்சு.”

அவர் மறுப்பார் என்று நினைத்திருந்தாள். வழியெல்லாம் அதற்கான பதிலைத்தான் தயார் செய்துகொண்டு வந்தாள். இப்போது அந்தப் பதில் எதற்கும் உதவவில்லை.

“அப்ப கோல், எதிராளி, காலை நோக்கி வீசறது, எல்லாம்?”

“சொல்லிக் கொடுக்கறப்ப ஏதாவது காரணம் சொல்லணும்.”

“சாக்கடைன்னு சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நீ கத்துக்கிட்டிருப்பியா?” கட்டுத்துணியின் நுனியைச் செருகினார். “அந்த இன்ஜினியர் மட்டும் எங்க கத்துக்கிட்டாரு? அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் எங்க கத்துக்கிட்டான்? அங்கயும் ஒரு அறை இருந்திருக்கும். நடுவுல ஒரு தூணு இருந்திருக்கும். ஒரு பள்ளம் இருந்திருக்கும். எல்லாரும் ஒரு இடத்துல திரும்பறாங்களே, அது எந்தத் தூணுக்காகன்னு எந்தத் தேர்வாளருக்குத் தெரியும்?”

அவளுக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

“சித்தப்பாவை அதுக்கா துரத்தினீங்க? உண்மையைச் சொன்னதுக்கு?”

“அவன் சொன்னது பொய்யின்னு நான் என்னிக்காவது சொன்னேனா?”

“இல்ல.”

“அன்னிக்கு வரிசையில நின்னவங்க யாரு தெரியுமா உனக்கு? மூட்டை தூக்கறவன், தெரு கூட்டறவன், ஆலையில பஞ்சு தின்னு இருமறவன். ஊருல அவனை யாரும் நிமிர்ந்து பாத்தது கிடையாது. அந்த ஒரு குதியில அவன் தரையை விட்டு எழும்பறான். நான் கண்ணால பாக்கறேன். இவன் நின்னு சிரிக்கறான், சாக்கடைங்கறான்.” அப்பாவின் குரல் உயரவில்லை. “வெளிய போன்னேன்.”

கீழே தையல் இயந்திரம் ஓடி நின்றது. மறுபடி ஓடவில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இருவருக்கும் தெரியும்.

“அப்பா, நாளைக்குச் சாவி கொடுத்தாகணும். அந்த மூட்டை தூக்கறவன் எங்க போயி குதிப்பான்?”

அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“இன்னிக்கு நான் முன்னாடி நிக்கறேன். குதிப்பு இல்லாம செய்யறோம். நீங்க வர வேண்டாம்.”

“என் ஹாலுக்கு நான் வர வேண்டாமா?”

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும்.”

அப்பா முழங்காலை மடக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவள் படி இறங்கினாள்.

*

மதியத்துக்கு மேல் ஹாலில் மூத்த மாணவர்களை மட்டும் வரச் சொல்லியிருந்தாள். ஆம்புலன்ஸ் டிரைவர் வேலையிலிருந்து நேராக வந்தார். பேக்கரிக்காரர் மாவு ஒட்டிய கையோடு வந்தார். கணக்கு டீச்சர் எல்லோருக்கும் முன்னால் வந்து தரையைத் துடைத்து வைத்திருந்தாள். கறுப்பு பெல்ட் வாங்கும்போது அவளுக்குப் பேத்தி பிறந்திருந்தாள். அது சங்கத்துக்கே பெருமை.

“அந்தக் குதிப்பை எடுத்துடறோம்” என்றாள் மகள். “தடுப்பு, உடனே குத்து. நடுவுல ஒண்ணும் கிடையாது.”

காரணம் கேட்பார்கள் என்று பயந்தாள். யாரும் கேட்கவில்லை. போட்டியில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

தொடங்கினார்கள். அந்த இடம் வந்தது. எல்லோரும் குதித்தார்கள்.

“மறுபடி.”

மறுபடியும் குதித்தார்கள். பேக்கரிக்காரர் மட்டும் பாதியில் நினைவு வந்து, காற்றிலேயே திரும்பப் பார்த்து, ஆம்புலன்ஸ் டிரைவரின் காலை மிதித்தார்.

“யோவ், உன் கடை ரொட்டிய விட கனமா இருக்கய்யா நீ.”

“நீ நகர வேண்டியதுதானே. ஆம்புலன்ஸ்ல மட்டும் பறக்கற.”

“மூளை சொல்லுது சின்ன மாஸ்டர். காலு காதுல போட்டுக்க மாட்டேங்குது” என்றார் டிரைவர்.

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.  பிறகு ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று, இரண்டு தோளிலும் கையை அழுத்தி, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தாள். தோளில் கை இருக்கும் வரை தரையில் நின்றார்கள். கை எடுத்தால் எழும்பினார்கள்.

கணக்கு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தாள். குதித்தாள். “என்னை மன்னிச்சுக்கோம்மா” என்றாள். “பாடத்துல ஒரு வரியை விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு. உடம்பு கூசுது.”

“கூசட்டும் டீச்சர். இன்னிக்கு மட்டும் கூசட்டும்.”

சின்ன மாஸ்டரே ஒரு தடவை குதித்துவிட்டாள். யாரும் சொல்லிக் காட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டியது. கடைசியில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, அத்தனை பேரும் தரையிலேயே நின்று குத்தினார்கள். அசிங்கமாக இருந்தது. யாரோ நடுவில் தடுக்கிவிட்ட மாதிரி. ஆனால் கால் எழும்பவில்லை.

“இது போதும்” என்றாள். “இதையே அப்படியே செய்யுங்க. வேற எதையும் நினைக்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

அப்போது அம்மா வந்தாள். துவைத்து மடித்த பெல்ட்டுகளை மூட்டையாகக் கொண்டு வந்திருந்தாள். சுவரோரம் இருந்த பெஞ்சில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

“அப்பா?” என்று கேட்டாள் மகள்.

“எனக்கு என்ன தெரியும்” என்றாள் அம்மா.

*

தேர்வாளர் ஒரு பெண்மணி. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தரையைக் கையால் தொட்டுப் பார்த்தார். “நல்லா வச்சிருக்கீங்க” என்றார். மரியாதையான ஆள். அதுவே பயமாக இருந்தது. முகம் சிடுசிடு என்று இருந்தால் எதிர்த்து நிற்கவாவது தோன்றும்.

வரிசை நின்றது. மகள் முன்னால் போய் நின்றாள்.

கதவு திறந்தது.

அப்பா யூனிஃபார்மில் வந்தார். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். நொண்டாமல் நடந்தார். அப்படி நடக்க அவர் என்ன பாடுபடுகிறார் என்று அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது. தேர்வாளருக்கு வணக்கம் சொன்னார். நேராக முன்னால் வந்து, மகளைப் பார்க்காமல், அவளுக்கும் முன்னால் நின்றார்.

“அப்பா” என்றாள், உதடு அசையாமல்.

“வரிசையில நில்லு.”

 தடுக்க முடியாது. ஒரு வார்த்தை கூடப் பேசினால் தேர்வாளர் முன்னால் அப்பாவும் பெண்ணும் அடித்துக்கொண்ட மாதிரி ஆகும். ஓர் அடி பின்னால் போய் வரிசையோடு நின்றாள். பேக்கரிக்காரர் அவளைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அவளைப் பார்த்தாள். என்ன செய்யட்டும் என்று எல்லோர் முகமும் கேட்டது. தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம். குதிக்க வேண்டாம்.

அப்பா குரல் கொடுத்தார். கட்டா தொடங்கியது.

அவர் கைகளில் வயது தெரியவில்லை. ஒவ்வொரு தடுப்பும் கதவு சாத்துவது போல வந்து நின்றது. முழங்கால் மட்டும் திரும்பும்போதெல்லாம் நடுங்கியது. கட்டுத்துணியின் வெள்ளை, காற்சட்டைக்குக் கீழே கொஞ்சம் தெரிந்தது.

அவள் அவர் முதுகை மட்டும் பார்த்தாள்.

இவர் குதிக்கத்தான் போகிறார். இந்தக் காலோடு. நாங்கள் எல்லோரும் தரையில் நிற்போம், இவர் ஒருவர் மட்டும் எழும்புவார். இறங்கும்போது அந்த முழங்கால் தாங்காது. இத்தனை பேர் பார்க்க, தனியாகக் குதித்து, தனியாக விழுவார்.

இடது கைத் தடுப்பு.

ஹால் அவள் நினைவில் இல்லை. சாவி இல்லை. இவரைத் தனியாக விடக் கூடாது என்பது மட்டும் இருந்தது.

குதித்தாள்.

காற்றில் இருக்கும்போதே பார்த்தாள். அப்பாவின் கால் இரண்டும் தரையில் இருந்தன. வலது கை குத்தி முடித்திருந்தது.

அவளைச் சுற்றி எல்லோரும் இறங்கினார்கள். ஒரே சத்தம். இத்தனை ஒழுங்காக அவர்கள் ஒரு நாளும் இறங்கியதில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் அவர் முதுகில் விழுந்ததை அவள் பார்த்தாள். தோள் ஒரு கணம் தொய்ந்தது. பிறகு நிமிர்ந்தது. கட்டாவைக் கடைசி அசைவு வரை கொண்டுபோய் முடித்தார்.

வரிசை வணங்கி நின்றது.

“குதிக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணவே இல்ல சின்ன மாஸ்டர்” என்று ஆம்புலன்ஸ் டிரைவர் பின்னாலிருந்து முணுமுணுத்தார். “காலு போயிடுச்சு.”

“எனக்குத் தோணுச்சு” என்றாள் கணக்கு டீச்சர், இன்னும் மெதுவாக. “ஆனா அவரு முன்னாடி நிக்கறப்ப எப்படிம்மா குதிக்காம இருக்கறது.”

தேர்வாளர் எழுந்து வந்தார்.

“மாஸ்டர், நீங்க ஒரு மாதிரி செஞ்சீங்க. மாணவர்கள் ஒரு மாதிரி செஞ்சாங்க. எது உங்க சங்கத்தோட முறை?”

அப்பா அப்போதுதான் திரும்பினார். வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மகளிடம் வந்து நின்றார். அவர் கண்ணில் கோபம் இல்லை. நான் உங்களுக்காக விட்டேனே, நீங்கள் எனக்காக விடவில்லையே என்று ஒரு திகைப்பு.

நாங்கள்தான் தப்பாகச் செய்தோம் என்று சொல்லிவிடுங்கள் என்று அவள் மனசுக்குள் மன்றாடினாள். ஒரே ஒரு வார்த்தை அப்பா.

“அவங்க செஞ்சதுதான் எங்க முறை” என்றார் அப்பா. “எனக்கு வயசாச்சு. மறந்துட்டேன்.”

தேர்வாளர் தன் குறிப்பேட்டை மூடினார்.

“நீங்க மறந்து செஞ்சதுதான் சரி” என்றார். “உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த இன்ஜினியர், அவர் நாட்டுல எங்க ஆட்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்காரு. அவர் கட்டாவுல குதிப்பு கிடையாது. இந்த நிலையில நான் ஒப்புதல் தர முடியாது. வருத்தமாத்தான் இருக்கு.”

பேக்கரிக்காரர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். அம்மா பெஞ்சில் அசையாமல் இருந்தாள்.

“ஒண்ணு செய்யலாம்” என்றார் தேர்வாளர். “அவர்கிட்ட நேரடியாக் கத்துக்கிட்டவங்க உங்களைத் தவிர வேற யாராவது இருக்காங்களா? இருந்தா அவங்க வந்து செஞ்சு காட்டட்டும். சரியா செஞ்சு, இங்க சொல்லிக் கொடுக்கவும் ஒத்துக்கிட்டா, அதை வச்சு நான் எழுதித் தரலாம். விதியில இடம் இருக்கு.”

“யாரும் இல்ல” என்றார் அப்பா.

உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை. பல வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

 ‘எல்லார் முன்னாடியும்தான்’ என்று சித்தப்பா சொன்னது மகளுக்கு நினைவுக்கு வந்தது. எல்லோரும் இங்கே இருந்தார்கள். இதற்குப் பிறகு இந்த வீட்டில் தனக்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை. இந்த ஹாலைத் தவிர வேறு எங்கேயும் இடம் இல்லாதவள் அவள்.

“இருக்காரு” என்றாள். “என் சித்தப்பா.”

அப்பா அவளைப் பார்த்தார். அடி வாங்கியவர் கூட அப்படிப் பார்க்க மாட்டார்.

“எவ்வளவு தூரம்?” என்று கேட்டார் தேர்வாளர்.

“பக்கம்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி.”

அம்மா எழுந்தாள்.

“நான் போயிக் கூட்டிட்டு வரேன்” என்றாள்.

“நீ எங்க போற?” என்றார் அப்பா.

“எங்கன்னு தெரியாதா உங்களுக்கு.”

அம்மா வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள். அண்ணன் கூப்பிட்டால்தான் வருவேன் என்று சித்தப்பா சொன்னது அம்மாவுக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்த மகள் சொல்லாமல் விட்டாள். சொன்னால் அம்மா நின்றுவிடுவாள்.

“அவன் உள்ள வந்தா நான் இங்க நிக்க மாட்டேன்” என்றார் அப்பா. குரல் முதல் முறையாக உடைந்தது.

அம்மா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தாள்.

“நிக்க வேண்டாம். உட்காருங்க” என்றாள். போய்விட்டாள்.

யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அப்பாவின் பின்னால் வைத்தார்கள். முழங்கால் வெளிப்படையாக நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பா உட்காரவில்லை. வெளியேயும் போகவில்லை.